கேரல் குழு தாண்டிப்போன வாசல்

1

இந்தக் கதை பேராச்சி சொன்னது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி கடைசியில் வரும், எனக்குத் தைரியம் இருந்தால்.

எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. ஆனா எங்க வாசலைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க, என்னா?"

சரி என்று தலையாட்டித் தொலைத்தேன். தாராவியில் அவள் வாசல் என்பது கதவுக்கும் சாக்கடைக்கும் நடுவே கிடக்கும் மூன்று அடி சிமெண்டுத் தரை. கொடுத்த வாக்குக்காக ஆறு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். (அளந்து பார்க்க யாரும் வர வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "1964 டிசம்பர். பம்பாயின் கடுங்குளிரில்..." பம்பாயில் ஏது கடுங்குளிர்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பெத்லகேமில் இடமில்லாமல் போனது போலவே தாராவியிலும்..." இது பிரசங்கம். எங்கள் உபதேசியார் வருஷாவருஷம் செய்வது. அவர் பிழைப்பில் நான் ஏன் கை வைக்க வேண்டும்?

மூன்றாவது, விஷயத்துக்கு நேராக: பேராச்சி இந்து வீட்டுப் பெண். கிறிஸ்தவனான செல்லத்துரையைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி, எங்கள் வேதக்கோயில் பதிவேட்டில் 'கிருபை' ஆனாள். பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. பிறந்த வீட்டுப் பழக்கத்தில் தினமும் வாசலில் கோலம் போட்டாள். 1963 கிறிஸ்மஸுக்கு, வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழு அவள் சந்துக்குள் வந்தது, கோலத்தைப் பார்த்தது, அவள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு கோயிலில் பெண்கள், "ஒன் வீட்டுக்கு வந்தாங்களாட்டி?" என்று கேட்டார்கள். "வந்தாங்களே, ரெண்டு பாட்டு பாடுனாங்களே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

மறுவருஷம் டிசம்பரில் புருஷனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "இந்த வருசமும் தாண்டிப் போனாங்கன்னா, நான் இனிமே கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கதை இதுதான். இதில் விளையாட்டே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் சிரிப்பு வருகிறது, நான் என்ன செய்ய?

3

செல்லத்துரையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். கதாநாயகியின் புருஷன் ஏதாவது செய்ய வேண்டும். இவன் தோல் ஷாப்பிலிருந்து வந்து, இரண்டு ரூபாயை நீட்டி, "இதுக்குள்ள ஜோடிச்சு முடிச்சிரு" என்றதோடு சரி. ஒரு வரைவில் அவனை ஏணியில் ஏற்றி நட்சத்திரம் கட்ட வைத்தேன். வாசித்துக் காட்டியதும் பேராச்சி, "ஏணில ஏறுனாரா? இவுகளா?" என்று சிரித்த சிரிப்பில் இறக்கிவிட்டேன்.

4

ஜோடனை.

முதல் வேலையாகக் கோலத்தை நிறுத்தினாள். பிறகு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சேர்த்து ஒட்டி ஒரு நட்சத்திரம் செய்தாள். உள்ளங்கை அகலம். கடைத்தெருவில் காசிம் பாய், தீபாவளிக்கு விற்காமல் மிஞ்சிக் கிடந்த கந்தீல்* ஒன்றைச் சல்லிசாகக் கொடுத்தார். "லே ஜா பெஹன், தீவாளி கா பச்சா ஹுவா மால்" என்று தூசி தட்டி நீட்டினார்.

(* தீபாவளிக்கு மராத்திக்காரர்கள் வாசலில் தொங்கவிடுவது. வண்ணக் காகிதக் கூண்டு, உள்ளே விளக்கு. உங்களுக்குத் தெரியும், ஊரில் இருப்பவர்களுக்காகச் சொன்னேன்.)

அதோடு இரண்டு ரூபாய் தீர்ந்தது. எதிர்வீட்டு ஆவுடையம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி இது, எழவு விழுந்த துஷ்டி வீடு மாதிரி இருக்கு?"

"துட்டு இல்ல மைனி."

"நாங்கல்லாம் செத்தா போனோம்?"

அரைமணி நேரத்தில் வாசலின் இருபுறமும் வாழைக்கன்று நின்றது. நிலைக்கு மேலே மாவிலைத் தோரணம். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த சிவப்புத் துணி சுவரை மூடியது. பேராச்சியின் நட்சத்திரம் வாழை இலைக்குப் பின்னால் காணாமல் போனது. ஆறு அடி வாசலில் அம்மன் சிலை ஒன்றுதான் குறை.

பேராச்சி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அத்தனை ஆசையாகக் கொண்டு வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லுவீர்களா?

5

விளக்கு வைத்த நேரத்துக்குக் கேரல் குழு வந்தது. முன்னால் பெட்ரோமாக்ஸ், பின்னால் உபதேசியார், கடைசியில் கழுத்தில் டிரம்மோடு நான். (ஆமாம், நானும் இருந்தேன். அந்த வீட்டாரை அதுவரை எனக்குத் தெரியாது. கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். செல்லத்துரை எந்தப் பக்கமும் வருவதில்லை.)

உபதேசியார் வாழையைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார். "அம்மன் கொடை வீடு போல இருக்கு. வாங்க, மேலே போவோம்."

பேராச்சி முறுக்குத் தட்டோடு கதவோரம் நின்றாள். நாங்கள் நான்கு எட்டு நடந்துவிட்டோம்.

"ஏ ஐயரே!" எதிர்வீட்டிலிருந்து உபதேசியாரை அதட்டினாள் ஆவுடையம்மாள். "புள்ள பொறந்த வீட்டைத் தாண்டிப் போறீரே, நல்லாருக்கா?"

"எந்தப் புள்ளம்மா?"

"ஒங்க ஏசுதான்! வேற எந்தப் புள்ள?"

சொல்லிவிட்டுக் குலவை போட்டாள். சந்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். குலவை கேட்டால் திருநெல்வேலிக்காரன் கை சும்மா இருக்குமா? என் டிரம் கொடை அடியில் இறங்கிவிட்டது. தாளம் போய்விட்டதால் குழு நின்றது. உபதேசியார் முறைத்தார், பேராச்சியின் கண்ணைப் பார்த்தார், திரும்பி வந்தார். பதினான்கு பேர் அந்த வாசலில் நின்று பாடினோம். இருவர் சாக்கடைக்குள் நின்றார்கள்.

சுபம் என்று எழுதி எழுந்துவிடலாம். எழுதியும் பார்த்தேன். பேனாவை மூட மனசு வரவில்லை.

6

பாட்டு முடிந்து முறுக்கு வந்தது. எல்லோருக்கும் இரண்டு, எனக்கு மட்டும் தட்டு நிறைய. டிரம் அடித்ததற்கு.

"போன வருசம் இதே எடத்துல," என்றாள் பேராச்சி, "ஒரு நாசமாப் போவான் 'இந்து வீடு, நடங்க'ன்னு சொன்னான் அண்ணாச்சி. நான் கதவுக்குப் பொறத்த நின்னு கேட்டேன். மூஞ்சி தெரியாது. கொரல இன்னைக்குக் கேட்டாலும் சொல்லிருவேன்."

நான் ஒரு முழு முறுக்கை வாய்க்குள் தள்ளிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன்.

சொன்னவன் நான்தான்.

மூன்று வருஷமாகிவிட்டது. தினமும் அவளோடு பேசுகிறேன். குரல் தெரியும் என்றவள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அல்லது முதல் நாளே தெரிந்துகொண்டு, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்குத் தட்டு நிறையக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவதை நினைத்தால் எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நாளைச் சாயங்காலம் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஐந்தாம் பகுதியோடு நிறுத்தவா, இதையும் வாசிக்கவா? முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். வாசி என்றால் வாசிக்கிறேன். அந்த மூன்று வார்த்தை வரும்போது மட்டும் குரலை மாற்றிக்கொள்ளலாமா என்று இப்போது வீட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.