ஒரே மாதிரி நாற்பது சந்தேகங்கள்

இருபத்தாறாவது விடைத்தாளைத் திருத்தி முடித்தபோது கீதாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாற்பதாவது தாளுக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது.

கேள்வியை எழுதியவள் அவள்தான். 'ஒரு கல்லூரியின் விளம்பரப் பலகை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வேலை கிடைத்தது என்கிறது. ஆராய்ந்து எழுதுக.' விமர்சனச் சிந்தனை என்ற புதுப் பாடத்துக்குப் பத்து மதிப்பெண் கேள்வி. சந்தேகப்படுவது எப்படி என்று புரியட்டுமே என வகுப்பில் மூன்று சந்தேகங்களை மாதிரிக்குச் சொல்லியிருந்தாள்: எந்த வருடம், என்ன சம்பளம், எந்த நிறுவனம். நாற்பது பேரும் அந்த மூன்றையும் அதே வரிசையில் சந்தேகப்பட்டு, அடிக்கோடும் இட்டிருந்தார்கள்.

நாற்பத்தொன்றாவது தாளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனாலும் அந்தச் சாய்ந்த கையெழுத்து கீதாவுக்குத் தெரியும். கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வரும் ஹாரிகா.

'என் அக்கா இங்கேதான் படித்தாள். இப்போது கல்யாணமாகிக் காரமடையில் இருக்கிறாள். வேலைக்கே போகவில்லை. அவள் போட்டோவும் நம் கல்லூரியின் விளம்பரப் பலகையில் இருக்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை. நாளை என்னையும் கேட்காமலேதான் எண்ணுவார்களா?'

கீதா ஒன்பது போட்டாள். அதோடு ஹாரிகாவின் மொத்தம் முப்பத்தைந்து. முப்பது எடுத்தால் பாஸ்.

சாயங்காலம் தலைமைத் திருத்துநர் கூப்பிட்டனுப்பினார். அவர் கிருபாசங்கர், கீதாவின் கணவர்.

"கீதா, இந்த ஒன்பது எப்படி வந்துச்சு?"

"ஏனுங்க, படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லாத்தான் எழுதிருக்குது. ஆனா ஆன்சர் கீல இருக்கற மூணுல ஒண்ணுகூட இதுல இல்லையே. வேணும்னா ரெண்டு போடு."

"ரெண்டு போட்டா அந்தப் புள்ள பெயிலுங்க. அரியர் விழுந்தா படிப்பு போதும்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாராம். அழுதுட்டே எங்கிட்டச் சொன்னா."

"எனக்குப் புரியுது கண்ணு. ஆனா கீயை மீறி இதுக்கு ஒன்பது போட்டா, மத்தவங்க ரீவேல்யுவேஷன் கேட்டு வந்து நிப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?" அவர் குரல் தாழ்ந்தது. "கீ எழுதுனது யாரு?"

விடைக்குறிப்பு இல்லாமல் கேள்வியை ஏற்க மாட்டோம் என்று ஜூன் மாதம் தேர்வுத்துறை சொன்னபோது, அந்த மூன்று சந்தேகங்களையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் கீதாதான். பொருத்தமான வேறு விடைகளுக்கும் மதிப்பெண் உண்டு என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை.

அவர் பேனாவை நீட்டினார். ஒன்பதை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். மொத்தம் இருபத்தெட்டு.

முடிவு வந்த மறுநாள் ஹாரிகா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். அழுத முகத்தைக் கழுவியிருந்தாள்.

"மேம், ஒரே பேப்பர்தானுங்க போச்சு. இனி காலேஜ் வேண்டாம், அரியரை ஊட்டுல இருந்தே எழுதுன்னு அப்பா சொல்லிட்டாருங்க. நான் எங்கீங் மேம் தப்புப் பண்ணுனேன்?"

"நீ தப்பா எழுதலை அம்மணி."

"அப்புறம் எப்படிங் மேம் பெயில்?"

கீதா மேசைமேல் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினாள்.

ஹாரிகா அதற்குமேல் கேட்கவில்லை. "கூடப் படிக்கற நேஹாகிட்ட நோட்ஸ் வாங்கிட்டனுங்க. நேத்தே மனப்பாடம் பண்ணிப்போட்டேன். சொல்றேன், சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்." கைகளைக் கட்டிக்கொண்டு கண்களை மூடினாள். "நான் இதை மூன்று காரணங்களுக்காகச் சந்தேகிக்கிறேன். ஒன்று, எந்த வருடம். இரண்டு, என்ன சம்பளம். மூன்று, எந்த நிறுவனம்."

கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் கீதா.