கோப்பையின் அடியில்

"சாவியைக் குடு," என்று கையை நீட்டினார் சூப்பிரண்டு.

அலுவலகத்தில் அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் இன்னும் பெறவில்லை. எதிரே நின்றவள் செத்துப்போன தம்பியின் மனைவி. தெருக்காரர்களுக்கு அவள் 'மண் டீச்சர்'.

"மாமா, இன்னிக்கு நாலு மணிக்குச் சூளையைத் திறக்கணும். பதினோரு பேரோட சாமான் உள்ள இருக்கு."

"அதைத் திறக்க ஊர்ல வேற ஆளே இல்லையா? ரெண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. இந்த வீட்டுப் பொம்பளை மண்ணுல புரண்டுட்டு வர்றான்னு தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? இத்தோட அந்த வகுப்புக்கு ஒரு முழுக்குப் போட்டுடு."

அவள் சூளை அறையின் சாவியைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். ஏதோ கஜானாச் சாவி போல.

புருஷன் போய் மூன்று வருஷம். அன்றிலிருந்து, வீட்டில் நல்ல காரியம் எது நடந்தாலும் அவளுக்குச் சமையலறைதான் இடம். யாரும் சட்டம் போடவில்லை. "நாலு பேர் நடுவுல வந்தா அவளுக்குத்தான் மனசு கஷ்டப்படும்" என்று ஓரகத்தி உருகி உருகிச் சொல்வாள். அந்த நாலு பேருக்கும் தேநீர் போடுவதில், எச்சில் பாத்திரம் கழுவுவதில் மட்டும் அவள் மனசு கஷ்டப்படாது என்று எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

சமூக நலக் கூடத்தின் பின்கட்டில் மண்பாண்ட வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ளத்தான் முதலில் போனாள். ஒரே வருஷத்தில் சொல்லிக்கொடுப்பவள் ஆகிவிட்டாள். இரண்டு நர்ஸ்கள், வண்டி ஓட்டி ஓய்ந்த ஒரு டிரைவர், என்ன செய்யச் சொன்னாலும் யானையே செய்யும் ஒரு தையல்காரர் என்று பதினோரு பேர். "காத்துக் குமிழி போற வரைக்கும் பிசையுங்க சார், உள்ள ஒண்ணு இருந்தாலும் சூளையில வெடிச்சிடும்" என்று அவள் அதட்டினால், டிரைவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மறுபடி பிசைவார். சனிக்கிழமை அந்த நாலு மணி நேரமும் அவளைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுவதில்லை. அதற்காகவே மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டாள். இப்போது அந்த ஒரு நாளும் சூப்பிரண்டின் பைக்குள் போய்விட்டது.

வந்தவர்கள் மூன்று பேர். காண்டிராக்டர், அவர் மனைவி, வாயே திறக்காத மாப்பிள்ளை. வீட்டில் இருந்த கண்ணாடிக் கோப்பைகளில் இரண்டுக்குக் காது இல்லாததால், பரண்மேல் கிடந்த நீலக் கோப்பைகளை ஓரகத்தி இறக்கியிருந்தாள். மண் டீச்சர் செய்தவை. நேற்றுவரை அவற்றுக்கு அந்த வீட்டில் 'மண் சட்டி' என்று பெயர்.

தேநீரைத் தட்டில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவள் சூப்பிரண்டின் மகள். அவள் சித்தியான மண் டீச்சர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அட, கோப்பை ரொம்ப அழகா இருக்கே! எங்க வாங்குனீங்க?" என்றாள் காண்டிராக்டர் மனைவி.

"வெளிநாட்டுச் சரக்கு," என்றார் சூப்பிரண்டு, வாய் கூசாமல். "என் சிநேகிதர் ஒருத்தர் கப்பல்ல வரவழைச்சுக் குடுத்தாரு. எல்லாம் மெஷின்ல செய்றது, கையே படாது."

அந்த அம்மாள் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "அடியில ஏதோ கீறல் மாதிரி இருக்கே?"

பதினோரு பேரின் சாமானும் ஒரே சூளையில் வேகும்போது எது யாருடையது என்று தெரியாது. அதனால் ஈரம் காயுமுன் அடியில் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவிடுவார்கள். மண் டீச்சரின் அடையாளம் அவளுடைய வலது கட்டைவிரல் நகம். சின்ன வயதில் கதவில் நசுங்கி நடுவில் பிளந்த நகம் அது. பதித்தால், வளைந்த கோடு ஒன்று பாதியில் அறுந்து மறுபடி தொடரும்.

சூப்பிரண்டு அரை நொடிதான் விழித்தார். "அதுவா? கம்பெனி முத்திரை. போலி வந்துடக் கூடாது பாருங்க."

கதவுக்குப் பின்னால் மண் டீச்சர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

காண்டிராக்டர் தொண்டையைச் செருமினார். "நாங்க பொண்ணு வீட்டுல எதுவும் கேக்கறவங்க இல்ல. ஆனா கல்யாணத்துக்கு வர்ற எங்க சொந்தக்காரங்களுக்கு இந்தக் கோப்பையில ஒரு இருநூறு குடுத்துட்டா, உங்களுக்குத்தான் கௌரவம். முத்திரை போட்டதா இருக்கணும். போலி வேண்டாம்."

"அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு!" என்று சிரித்த சூப்பிரண்டு, சிரித்த முகம் மாறாமல் சமையலறைக்குள் வந்தார். வந்ததும் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு மாசத்துல இருநூறு. செஞ்சு குடுத்துடும்மா. நம்ம வீட்டு மானம். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"வகுப்புக்கு முழுக்குப் போடச் சொன்னீங்களே மாமா?"

"அது அப்ப."

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, விருந்தாளிகள் இருக்கும்போது மூன்று வருஷமாகத் தாண்டாத அந்த வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள். ஓரகத்தி கண்ணால் காட்டிய ஜாடை எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"இவங்க யாரு? வேலைக்கு இருக்காங்களா?" என்றாள் காண்டிராக்டர் மனைவி.

"ஆமாமா," என்றார் பின்னாலேயே ஓடி வந்த சூப்பிரண்டு.

அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண், "எங்க சித்தி," என்றாள்.

மண் டீச்சர் அந்த அம்மாள் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கவிழ்த்தாள். அறுந்த கோட்டின்மேல் தன் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அந்தக் கம்பெனி நான்தாம்மா," என்றாள். "இவரோட தம்பி சம்சாரம். சனிக்கிழமையில மண் வேலை சொல்லிக்குடுக்கிறேன்."

சூப்பிரண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினார். சம்பந்தம் கைவிட்டுப் போனது என்றே நினைத்தார். ஆனால் காண்டிராக்டரின் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"வீட்டுலயே செய்றதா! அப்ப செலவே இல்லையே," என்றார். "நானூறாவே குடுத்துடுங்க."

"ஓ, செய்யலாமே," என்றாள் மண் டீச்சர். "நானூறுக்கு நிறைய மண்ணு மிதிக்கணும். அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து மாப்பிள்ளையை அனுப்பி வைங்க, காலு நல்லா நீளமா இருக்கு. பிசையறதுக்கு நீங்களும் வாங்க. கோப்பைக்கு அடியில அவங்கவங்க நகத்தையே பதிச்சுக்கலாம்."

சூப்பிரண்டின் மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. அதட்டவேண்டியவர் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டாள். மணி மூன்றே முக்கால். எச்சில் கோப்பைகள் ஐந்தும் மேஜைமேல் அப்படியே இருந்தன.

"அதையெல்லாம் யாராவது கழுவி வைங்க," என்றாள் வாசலில் நின்று. "பாத்து. வெளிநாட்டுச் சரக்கு."