பணியின்போது

என் மகன் தேசிக் இறந்த மறுநாள் காலையில், அவன் வேலை பார்த்த வேளாண் விரிவாக்க மையத்தின் ஊழியர் செய்தி வழக்கம்போல எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. விதை உருளைக்கிழங்கு விநியோகம் தள்ளிவைக்கப்படுகிறது. குளிர்காலப் பயிற்சி வகுப்புகள் மறு அறிவிப்பு வரும்வரை கிடையாது. கிருமிநாசினியைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும். இவற்றுக்கெல்லாம் கீழே, கடைசியாக: "பழப்பயிர்ப் பிரிவு குவாக் தேசிக், விடுப்பில் இருந்தபோது உடல்நலக் குறைவால் காலமானார்."

மருத்துவமனையின் துக்கக் கூடத்தில் அவன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் யோன்சுக் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

அவன் விடுப்பில் வீட்டில் படுத்திருக்கவில்லை. நோயாளியும் இல்லை. கோமாரி கண்ட ஒரு பன்றிப் பண்ணைக்குப் பின்னால், மலைச்சரிவில் வெட்டிய குழியின் விளிம்பில், வெள்ளைப் பாதுகாப்பு உடையோடு விழுந்து கிடந்தான். தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்பு, இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். தூக்கி வந்தவர்கள் அவனுடைய ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. கணுக்கால்வரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

அந்த வரியை மாற்றும்வரை சவத்தை எடுக்க விடமாட்டேன் என்று பங்காளிகளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் எடுப்பது இப்போதைய வழக்கம். ஆனால் எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் எடுத்ததும் உண்டு. மூலையில் குடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகன், "எங்க அண்ணன் வீம்புக்கு எமனே கீழ இறங்கி வந்து பேரம் பேசணும்" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

பேரம் பேச ஒன்றுமில்லை. "பணியின்போது உயிர் நீத்தார்" என்று அந்தச் செய்தியில் வரவேண்டும். அப்படி வந்தால்தான் சவ வண்டி மையத்தின் முற்றத்தில் நிற்கும்; கூட வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து வரிசையாக நின்று தலைவணங்குவார்கள்; அவன் நாற்காலியில் வெள்ளைப் பூ வைப்பார்கள். அப்படி வராதவனின் வண்டி அந்த வாசலைத் தாண்டி, பேசாமல் போய்விடவேண்டியதுதான். குவாக் குலத்தின் மூத்த வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட எந்த வண்டியும் அப்படிப் போனதில்லை.

தேசிக் அந்த வீட்டின் ஒரே ஆண்பிள்ளை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. குறை அவனிடம் இல்லை. எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க முன்னோர் வழிபாடு இருந்துகொண்டே இருக்கும். பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் கேட்பது எத்தனை வழிபாடு என்றுதான். பதிலைக் கேட்டதும் தேநீரை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். ஒரு இடத்தில் பெண்ணின் அம்மா, "எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு மருமகளா வரணுமா, சமையல்காரியா வரணுமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். வெளியே வந்து தேசிக் வயிறு குலுங்கச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஆப்பிள் மரத்தின் கிளை கழித்துக் கவாத்துச் செய்வதில் அவன் பேர் பெற்றவன். அதோடு ஊழியர் செய்தி எழுதும் வேலையும் அவனுடையதுதான். யாருக்கு மாற்றல், யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யாருடைய தாய் தகப்பன் தவறினார்கள் எல்லாம் அவன் கையால்தான் போகும். மையத்தின் காவல்காரர் இறந்தபோது, "உறைபனிக் காலமெல்லாம் நம் கண்ணாடிக் கூடத்து நாற்றுகளைக் குளிர விடாமல் காத்தவர் காலமானார்" என்று எழுதினான். அந்த மனிதரின் மனைவி அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவனைப் பற்றி எழுத அங்கே ஒருவருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கோமாரி பரவாமலிருக்க, பயிர் சொல்லிக்கொடுக்கிறவர்களையும் மண் பரிசோதிக்கிறவர்களையும் மாடு பன்றிகளைக் கொன்று புதைக்க அனுப்பினார்கள். ஆள் போதவில்லை. சந்திரப் புத்தாண்டுக்கு ஊருக்கு வரவேண்டாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவிப்புப் போயிற்று. தேசிக் வந்தான், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. கொலை செய்த கை வழிபாட்டு மேசைக்கு முன்னால் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. வாசலுக்கு வெளியே, கிருமி தாண்டாமலிருக்கப் போட்டிருந்த சுண்ணாம்புத்தூள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வைக்கோல் பாயை விரித்தான். உள்ளே நான் விழுந்து வணங்கியபோதெல்லாம் வெளியே அவனும் பனியில் விழுந்து வணங்கினான். புத்தாண்டுச் சூப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கோட்டின்மேல் வைத்தேன். குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்ப்பா" என்றான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த வரியை எழுதிய மையத் தலைவர் பாங் அன்று பிற்பகல் துக்கக் கூடத்துக்கு வந்தார். படத்துக்கு முன் வணங்கிவிட்டு என் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கண்கள் சிவந்திருந்தன, கைகளில் கிருமிநாசினி பட்டுத் தோல் உரிந்திருந்தது. சுற்றி வளைத்துப் பேசினார். முற்றத்தில் ஒரு மரம் நடலாம் என்றார், தன் பேரில் பெரிய மலர்வளையம் அனுப்புவதாகச் சொன்னார். நான் வரியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு டியூட்டிப் பட்டியல்ல தேசிக் பேரே இல்ல. அவனுக்கு லீவு. கியுதேன்னு ஒரு பையன் பேருதான் இருக்கு. அவன் வந்து வேலை பாத்ததாத்தான் மேலிடத்துக்குத் தகவல் போயிருக்கு."

"செத்தது என் பையன்."

"ஆமாங்க ஐயா. அத எழுதினா, கியுதே வராமலே வந்ததா ஏமாத்தினான்னு ஆயிரும். நோய்க் காலத்துல அதுக்கு மன்னிப்பு கிடையாது. வேலை போயிரும். எனக்கும் ஓலை வரும், அதப் பத்தி நான் பேச வரல."

அந்தக் கியுதே எங்கே, ஏன் இன்னும் வந்து வணங்கவில்லை என்று கேட்டேன். பாங் தரையைப் பார்த்தார். அவன் நேற்றிலிருந்து கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கிறான், உள்ளே வர மாட்டேன் என்கிறான், அவன் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது என்றார்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் பிள்ளை பிறக்க இருக்கும்போது எங்கள் பக்கத்து ஆண்மகன் துக்க வீட்டுப் படி ஏறமாட்டான், சவத்தைப் பார்க்கமாட்டான். எந்த உயிரையும் கொல்லமாட்டான், கோழியைக்கூட அடுத்தவனிடம்தான் கொடுத்து அறுக்கச் சொல்வான். டியூட்டிப் பட்டியல் போடுகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. பார்த்தால் ஆள் எங்கே கிடைக்கும்?

வயதில் சிறியவனைத் தேடி நான் படியிறங்கிப் போவது வழக்கமில்லை. அன்று போனேன்.

கடைசி வரிசையில், ஒரு காருக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் கலங்கிய பனிச்சேற்றில் அப்படியே விழுந்து வணங்கினான். எழுந்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ கேட்டியா, அவனாப் போனானா?"

"நான் கேக்கல ஐயா. யாருமே கேக்கல. வீட்ல பிள்ளை பொறக்கப்போற எல்லாருக்கும் பதிலா அண்ணன்தான் போனாரு. எங்க ஆபீஸ்ல யாருக்கு எப்பப் பிள்ளைன்னு செய்தி எழுதுற அவருக்குத்தானே தெரியும்? பட்டியல் ஒட்டினதும் வந்து நிப்பாரு. 'உன் பொண்டாட்டிக்கு எப்ப?'ன்னு கேப்பாரு. அவ்வளவுதான், மறுநாள் அவரு போயிருப்பாரு."

"நீ ஒத்துக்கிட்ட."

"வேணாம்னு சொன்னேன். 'லீவு அன்னிக்காவது தூங்குங்கண்ணே'ன்னேன். அதுக்குச் சிரிச்சாரு. 'எங்க வீட்டுப் படையலுக்குப் பயந்து எந்தப் பொண்ணும் வரலடா. என் கையில ரத்தம் பட்டா யாருக்கு ஆகாமப் போகப்போகுது? நீ போய் பொண்டாட்டி கால அமுக்கிவிடு'ன்னாரு."

அவன் குரலில் தேசிக்கின் குரல் அப்படியே இருந்தது. இழுத்துச் சொல்லும் அந்த 'டா'கூட. நான் மதில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு கியுதேயே பேசினான். "நான் எழுதிக் குடுத்துடறேன் ஐயா. நான் வரல, அண்ணன்தான் வந்தாருன்னு. வேலை போனாப் போகட்டும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போறேன்."

பொய் சொல்லவில்லை. நான் தலையசைத்தால் போதும், போயிருப்பான். சாயங்காலத்துக்குள் வரி மாறியிருக்கும். எதற்காகச் சவத்தைப் பிடித்து வைத்திருந்தேனோ அது என் முன்னால் தானாக வந்து நின்றது. அவன் மேல்சட்டைப் பையிலிருந்து குழந்தைக்கு வாங்கிய கம்பளித் தொப்பியின் நுனி வெளியே தெரிந்தது. யாருக்கும் காட்ட அல்ல, வைத்த இடத்தை மறந்திருப்பான்.

"உன் பொண்டாட்டிக்கு எப்ப?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாருடைய கேள்வி அது என்று உறைத்தது.

"இந்த மாசக் கடைசியில, ஐயா."

"அப்ப இங்க நிக்காத. பொணம் இருக்கிற கட்டடம் இது. வீட்டுக்குப் போ. யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்காத."

மேலே வந்து பாங்கிடம், வரி அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் மூச்சு விட்டுக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"நன்றி எல்லாம் வேணாம். உங்களுக்காக இல்ல. மலர்வளையமும் வேணாம், மரமும் வேணாம். ஒண்ணு மட்டும் செய்யுங்க, இனிமே அந்தச் செய்திய நீங்க எழுதாதீங்க. உங்களுக்கு அது வரல."

அவர் வணங்கிவிட்டுப் போனார்.

யோன்சுக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் கியுதே வேலைக்கு முன்னாடி நம்ம தம்பி பேரு உங்களுக்கு அவ்வளவு லேசாப் போச்சா அப்பா?"

"குடுத்ததத் திருப்பிக் கேக்குற வீடு இல்ல நம்மது."

"குடுத்தது நீங்க இல்லப்பா. அவன்."

"அதனாலதான் நான் கேக்க முடியாது."

 அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை என்னிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் மருமகன் மூலம்தான் சொல்லி அனுப்புகிறாள். அவள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பங்காளிகள் வேறுவிதமாகப் பேசினார்கள். கிழவன் வீராப்பு அதிகாரியைப் பார்த்ததும் அடங்கிவிட்டது, ஏதோ கைமாறியிருக்கும் என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும், காரணம் சொன்னால் கியுதேயின் பெயர் வெளியே வரும்.

மூன்றாம் நாள் காலையில் எடுத்தோம். படத்தைத் தாங்கிக்கொண்டு முன்னால் போக அவனுக்குப் பிள்ளையில்லை, மருமகன்தான் தாங்கினான். கல்யாணமாகாதவனுக்குக் குலத்து மலையில் இடமில்லை என்று ஒருவர் இழுத்தார். எனக்கென்று வைத்திருந்த இடத்துக்குக் காலடியில் தோண்டச் சொன்னேன்.

வண்டி மையத்தின் வாசலைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். நிறுத்தாமல் போகச் சொன்னேன். முற்றத்தில் எப்படியும் ஆள் இல்லை, எல்லோரும் குழிகளில் இருந்தார்கள்.

மகனின் சவத்தோடு தகப்பன் இடுகாடுவரை போகக்கூடாது என்பது எங்கள் முறை. எங்கள் ஊர் எல்லையில் சாலையை மறித்துக் கிருமிநாசினி தெளிக்கும் சோதனைச்சாவடி போட்டிருந்தார்கள். நான் அங்கே இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. எந்த வண்டியும் அந்தத் தெளிப்பானுக்குள் புகுந்துதான் போகவேண்டும், சவ வண்டிக்கும் விலக்கு இல்லை.

இறங்கியபோது, வெள்ளை உடையில் கையில் சிவப்புக் கோலோடு நின்றவன் கியுதே. அன்று அவனுடைய முறை. மாற்றிக்கொள்ள இப்போது ஆள் இல்லை. வண்டியைப் பார்த்ததும் தலைவணங்க அவன் உடம்பு தானாகக் குனிந்தது, கண்கள் சவப்பெட்டி இருந்த பக்கம் போயின.

"திரும்பி நில்லு" என்றேன்.

"ஐயா, அண்ணனுக்கு..."

"திரும்புன்னு சொன்னேன். பாக்காத. அவன் எதுக்குப் போனானோ அதக் கெடுத்துராத."

சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினான். வண்டியிலிருந்த பங்காளிகள் சன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள். கூட வேலை பார்த்தவன் சவத்துக்கு முதுகு காட்டுகிறான், கிழவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று அவர்கள் ஊர் முழுக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். யோன்சுக்கும் பார்த்தாள்.

தெளிப்பான் இரண்டு பக்கமும் சீறியது. மருந்து வண்டியின் கண்ணாடியில் பட்டவுடனே உறைந்து வெள்ளையாகிப் போனது. ஓட்டுநர் அதைத் துடைத்துக்கொண்டு மெதுவாக மலைப்பக்கம் திரும்பினார். வளைவில் வண்டி மறையும்வரை நான் நிமிர்ந்து நின்றேன்.

"போயிருச்சு. இனி திரும்பலாம்" என்றேன்.

கியுதே திரும்பவில்லை. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு தீவன லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் முகத்தைத் திருப்பாமலே கோலை உயர்த்தினான், தெளிப்பான் மறுபடி சீறியது.