பின்னால் போகும் கப்பல்

மாசாயில் எங்கள் வீட்டு வரிசையில் விமானத்துக்குக் கப்பல் என்றுதான் பெயர். மலாய்க்காரர்கள் 'கப்பால் தெர்பாங்' என்கிறார்கள், பறக்கும் கப்பல். நாங்கள் பறப்பதை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் வைத்துக்கொண்டோம். அதனால் பக்கத்து வீட்டுக் காளியம்மா, "எம் மவன் கப்பல் ரிப்பேர் பண்றான்" என்று சொன்னபோது, பெண் வீட்டார் பாசிர் கூடாங் துறைமுகத்தை நினைத்துக்கொண்டு, பையனுக்கு நீச்சல் தெரியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பையன் லோகேஸ்வரன். வேலை செனாய் விமான நிலையத்துப் பழுதுபார்க்கும் கொட்டகையில். அவனுடைய காது சாதாரணக் காது இல்லை. தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால், எந்தச் சக்கரத்தில் எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்வான். டிரைவர்கள் அவனைக் கண்டால் நிறுத்தாமல் போகப் பழகிக்கொண்டார்கள். எதிர் வீட்டு லெட்சுமணன் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது, மண்டபத்து மின்விசிறி இன்னும் அரை மணியில் விழும் என்றான். பந்தியைத் தள்ளிப் போட்டோம். விசிறி விழுந்தது, ரசம் தப்பித்தது.

இப்படிப்பட்டவனுக்குத்தான் விமானம் ஓட்டவேண்டும் என்ற ஆசை வந்தது. காரணம் கேட்டேன்.

"கல்யாணக் காரைக் கழுவி, துடைச்சி, பூவெல்லாம் ஒட்டி விடுறோம், அங்கிள். ஏறி ஓட்டிட்டுப் போறது வேற ஒருத்தன்."

படித்தான், பறந்தான், உரிமமும் வாங்கினான். ஒரு விமான நிறுவனம் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பயணிகளோடு பறக்கும் கடைசிப் பரீட்சையில் முதல் தடவை தோற்றான். நடுவானில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. இவன் கொட்டகைப் பழக்கத்தில் அதை முட்டியால் இரண்டு தட்டு தட்டினான். விளக்கு அணைந்துவிட்டது. பரீட்சை வைத்த கேப்டன் தோமஸ், பொந்தியான்காரர், "நீ ஓட்ட வந்தவன். தட்டுறதுக்கு வேற ஆள் இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் மறுபடி கொட்டகை, மறுபடி கிரீஸ்.

இரண்டாவது பரீட்சை செனாயிலிருந்து கூச்சிங்குக்கு. காளியம்மா தனக்கும் எனக்கும் அதே விமானத்தில் டிக்கெட் எடுத்தார். மகனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இன்னொன்றும் செய்தார். முந்தின நாள் சாயங்காலம் சுகுமாறனை வீட்டுக்கு வரச் சொன்னார். சுகுமாறன் லோகேஸ்வரனோடு கொட்டகையில் வேலை பார்த்தவன். இப்போது விமானத்தைத் தரையிலிருந்து வழியனுப்பும் வேலை அவனுக்கு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பது, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமானியோடு பேசுவது எல்லாம் அவன்தான்.

காளியம்மா அவன் கையில் எலுமிச்சம்பழங்களைக் கொடுத்தார்.

"டயருக்கு ஒண்ணு. ஏறி நசுக்கிட்டுப் போவணும்."

"ஆன்ட்டி, அது மோட்டார் சைக்கிள் இல்ல லா. தரையில ஒரு ஸ்க்ரூ கெடந்தாலே எங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

"புது வண்டி எடுத்தா வைக்கறது இல்லியா?"

"அது பழைய கப்பல், ஆன்ட்டி."

"வண்டி பழசு. ஓட்றவன் புதுசுதானே."

சுகுமாறன் பழங்களை எண்ணிப் பார்த்தான். பேரம் பேசினான். எல்லாச் சக்கரத்துக்கும் முடியாது, மூக்குச் சக்கரத்துக்கு மட்டும் என்று முடிந்தது. அங்கே இரண்டு டயர், இரண்டு பழம்.

"முன்னாடி வெக்கணும்டா" என்றார் காளியம்மா. "எல்லாரும் முன்னாடிதான் வெப்பாங்க."

மறுநாள் காலை நானும் காளியம்மாவும் இறக்கைக்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். விமானி அறையில் நடந்ததை லோகேஸ்வரன் பிறகு சொன்னான். அவன் சொல்லாமல் விட்டதை நான் சேர்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

லோகேஸ்வரன் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்த்து, திருப்தியாகி, மேலே போய் உட்கார்ந்தான். அதன் பிறகுதான் சுகுமாறன் கட்டையை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் பழங்களை வைத்தான். டயருக்கு நேர் முன்னால், காளியம்மா சொன்னபடி.

விமானம் கிளம்பியது, பின்பக்கமாக.

கார் முன்னால் போகும். விமானத்தை ஒரு வண்டி மூக்கில் முட்டிப் பின்னால் தள்ளும். சுகுமாறனுக்கு இது தெரியாததல்ல, தினமும் அவன் கண் முன்னால் நடப்பதுதான். ஆனால் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும் அவன் மாசாய்க்காரன் ஆகிவிட்டான். டயர்கள் பழத்தை விட்டு விலகிப் போயின. தள்ளிய வண்டி அவற்றின் மேலேயே வந்தது, ஆனால் அதன் சக்கரங்களுக்கு நடுவில் புகுந்து இரண்டும் தப்பித்தன. விமானம் கொஞ்சம் வளைந்து பின்வாங்கியதும், காலி இடத்தில் பச்சையாக, ஒரு கீறல் இல்லாமல், இரண்டும் கிடந்தன.

ஜன்னலோடு கன்னத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காளியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"நசுங்கல, அண்ணே."

நிக்கோல் என்ற பணிப்பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, உக்காருங்க லா. பெல்ட் போடுங்க."

"கொஞ்சம் முன்னால போவச் சொல்லும்மா. ஒரு சுத்து போதும்."

"முன்னாலதான் போவோம், ஆன்ட்டி. கூச்சிங் வரைக்கும்."

விமானி அறையில் முதல் எஞ்சினை இயக்கும் நேரம். லோகேஸ்வரன் பல வருஷம் காலையில் சக ஆட்களோடு வரிசையாக நடந்து, தரையில் கிடக்கும் ஆணி, கல், பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கியவன். தரையில் இருக்கக்கூடாதது எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதோடு என்னென்ன உள்ளே போகும் என்பதும் அவனுக்குத் தெரியும். பழங்களைப் பார்த்த மறுகணமே அவற்றை யார் கொடுத்தது, யார் வைத்தது என்று புரிந்துவிட்டது. பக்கத்தில், இந்தப் பரீட்சைக்கும் வந்திருந்த தோமஸ். சொன்னால் சுகுமாறன் மாட்டுவான், தன் பரீட்சையும் போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. பழங்கள் தூரத்தில்தான் கிடந்தன.

"எஞ்சின் வேணாம், கேப்டன். நிறுத்தணும்."

"என்ன விளக்கு?"

"விளக்கு இல்ல. முன்னால தரையில ரெண்டு பொருள் கெடக்குது."

தோமஸ் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்ன பொருள்?"

"எலுமிச்சம்பழம்."

தோமஸ் அவன் பக்கம் திரும்பினார். "யாருது?"

"என்னோடது."

"நீ இங்க என் பக்கத்துல உக்காந்திருக்க. பழம் எப்படி அங்க போச்சு?"

"என் வீட்டுது, கேப்டன். நான்தான் பொறுப்பு."

தோமஸ் ஹெட்செட்டில் கேட்டார். "கீழ யாரு?"

"சுகுமாறன், கேப்டன்."

"பழத்த எடு."

 "எந்தப் பழம், கேப்டன்?"

"இங்க வேற எத்தன பழம் வெச்சிருக்க?"

சுகுமாறன் ஓடிப்போய் எடுத்து, இரண்டையும் மேலே தூக்கிக் காட்டினான். ஜன்னலோரம் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லும்படி தோமஸ் லோகேஸ்வரனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். பயணிகளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது: தரையில் சிறிது விவசாயப் பொருள் இருந்ததாகவும், அது அகற்றப்பட்டதாகவும் மூன்று மொழியில் சொன்னான். பின்வரிசையில் ஒரு சீனத்து மாமா கைதட்டினார். காளியம்மா கண்ணை மூடி, மாரியம்மனிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கூச்சிங்கில் இறங்கியது எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்திருந்த காப்பி ஆடவில்லை, அதனால் இன்னும் மேலேதான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் இறங்கிய பிறகு தோமஸ் தொப்பியை எடுத்து மாட்டினார். லோகேஸ்வரன் எழாமல் உட்கார்ந்திருந்தான்.

"போன தடவ நீ தட்டின. இந்தத் தடவ நிறுத்தின. நிறுத்தறவன்தான் எனக்கு வேணும். பாஸ்."

"தேங்க்ஸ், கேப்டன்."

"சுகுமாறன் விசயத்த நான் சொல்லாம இருக்க முடியாது. சொல்லுவேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. ரெண்டு பேரும் இத்தன வருசம் கொட்டகையில இருந்திருக்கீங்க. கப்பல் பின்னாலதான் போகும்னு தெரியாதா? பழத்தப் பின்னால வெச்சிருக்கணும்."

சுகுமாறனுக்கு ஒரு மாதம் காலையில் தரை பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். முதல் நாளே ஒரு மோதிரம் கிடைத்ததாகச் சொன்னான். அவன் சொல்வதை அப்படியே நம்ப முடியாது.

காளியம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பாஸ் ஆனது சரி, பழம் நசுங்கவில்லையே. சுகுமாறன் அந்த இரண்டு பழத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். மறுநாள் காலை, சீருடையும் தோள்பட்டைக் கோடுகளுமாக வேலைக்குக் கிளம்பிய மகனை வாசலில் நிறுத்தி, அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று வைத்தார்.

"இது முன்னாலதான போவும்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

"முன்னாலதான்" என்றேன்.

லோகேஸ்வரன் இரண்டையும் நசுக்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த மோட்டார் சைக்கிள் பழுதானதே இல்லை. ஒரே ஒரு குறைதான். பாசிர் கூடாங் போகும் வழியில் மேடு ஏறும்போது அதன் முன்சக்கரம் தரையில் படுவதில்லை. நான் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், காது அடைக்கிறது.