அடுத்த வசனம்

என் அப்பா தேவசகாயம் வேதத்தைப் படித்ததெல்லாம் சண்டை பிடிப்பதற்காகத்தான். செகந்திராபாத்தில் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். லீவு விதி, பென்ஷன் விதி, அந்த விதிக்கு ஒரு விலக்கு, விலக்குக்கு ஒரு நிபந்தனை என்று அதிலேயே தலை நரைத்தவர். ஆண்டவரையும் அவர் ஒரு மேலதிகாரியாகத்தான் பார்த்தார். அல்வாலில் எங்கள் வீட்டுக்குப் போதகர் ஜெபம் பண்ண வந்தால், உஸ்மானியா பிஸ்கட்டும் டீயும் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பிப்பார்.

"ஐயா, அவரு சர்வ வல்லவரு. சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா சொன்ன வாக்கை மாத்த மாட்டாரு, போட்ட சட்டத்தை மீற மாட்டாருன்னும் சொல்லுதிய. அப்பம் அவரால முடியாதது ரெண்டு இருக்குல்லா?"

"முடியாதுன்னு இல்ல தேவசகாயம், செய்ய மாட்டாரு."

"எங்க டைரக்டரும் அப்படித்தான் சொல்லுவாரு. ஃபைலு நகராது."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும். "வந்தவங்களை டீயைக் குடிக்க விடுங்களேன்." அம்மா சொர்ணபாய்க்கு ஆண்டவர்மேல் சந்தேகம் என்பதே கிடையாது. பயம் உண்டு. அவர் எதையும் மறக்கிறவர் அல்ல என்று அடிக்கடி சொல்வாள். அதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறாள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வாக்கு. 2009 ஜனவரியில் அம்மாவுக்கு வந்தது நீடித்த ஆயுளைத் தருவேன் என்கிற வசனம். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். ஜூன் மாதம், அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், ஆபரேஷன் பண்ணுகிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

நான் மல்லாபூரில் புருஷனையும் பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள அல்வாலுக்கு வந்துவிட்டேன். அப்பா தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுவிடுவார். ஒருநாள் அம்மா காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"எழுதிக் குடுத்த வாக்கு. ஆறு மாசம் தாங்கலியே."

"அவரு மேல குத்தமில்ல," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. "நாந்தான் வாக்குத் தப்புனவ."

வலியில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தோம். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஃபெலிக்ஸ் கொண்டாப்பூரிலிருந்து வந்தான். அவனை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்து, கதவைச் சாத்தச் சொல்லி அம்மா வெகுநேரம் பேசினாள். வெளியே வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. என்னையும் அப்பாவையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"நான் பேபியா இருக்கறப்ப எனக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சில்ல? அப்ப அம்மா ஒரு பொருத்தனை பண்ணாங்களாம். இவன் பிழைச்சா ஊழியத்துக்கு உமக்கே குடுத்துர்றேன்னு. குடுக்கல. அதனாலதான் போன வருஷம் எங்க பேபி நிக்கலயாம். இப்ப வயித்துல இருக்கறதையும் ஆண்டவர் எடுத்துடுவார்னு சொல்லி அழறாங்கப்பா. அவங்க செத்துப் போறதப் பத்திக் கவலையே இல்ல. இது ஒண்ணுதான்."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"வேலைய ரிசைன் பண்ணிட்டு செமினரில சேர்ந்து போதகராகப் போறேன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது உலகமே வேலைநீக்கத்துக்குப் பயந்து கிடந்த வருஷம். அவன் ஆபீசில் பாதிப் பேருக்குத் தூக்கமில்லை. இவன் தானே எழுதிக் கொடுக்கப் போகிறானாம். அவன் மனைவி நான்சிக்கு ஐந்து மாதம். வீட்டுக் கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை. "பைத்தியமா உனக்கு? நாளைக்குப் பிள்ளைக்கு என்ன பண்ணுவ?" என்று கத்தினேன்.

"அந்தப் பிள்ளைக்காகத்தான்க்கா." அவன் மேலே பேசவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்பா கேட்டைச் சாத்தினார். அவருக்கு அது புதுச் செய்தி அல்ல. அம்மா அந்தப் பொருத்தனையைச் சத்தமாகச் சொல்லி அழுதபோது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் பக்கத்தில் நின்றவள் நான். ஒன்பது வயது. மாடிப்படியில் ஃபிளாஸ்கோடு ஏறி வந்த அப்பாவிடம், "அம்மா தம்பிய இயேசப்பாவுக்குக் குடுத்துட்டா," என்றேன். "குடுத்தாக் குடுக்கட்டும், பிழைச்சாப் போதும்," என்று மேலே போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை. இவர் கேலி பண்ணுவாரே என்று அம்மா இவரிடம் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. முன்னறையில் வேதத்தை வைத்துக்கொண்டு மோசேயின் சட்டங்கள் வரும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஆபீசில் யாருக்காவது பென்ஷன் சிக்கினால் இப்படித்தான் விதிப் புத்தகத்தோடு உட்காருவார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வெயில் தாழ்கிற நேரத்தில் எழுந்து முகம் கழுவி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "ஏட்டி பிரிசி, நீயும் வா."

அம்மாவின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொர்ணம், ஃபெலிக்ஸ் ஒரு விஷயம் சொன்னான். உன் வாயால நீ சொல்லு."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும், "இப்பம் சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க," என்றாள்.

"சிரிக்கல. சட்டம் ஒண்ணு இருக்கு, கேளு. கல்யாணமான பொம்பள பொருத்தனை பண்ணுனா, புருஷன் அதைக் கேள்விப்பட்ட அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டான்னா அது செல்லாது. கர்த்தர் அவள மன்னிச்சிருவாரு. நான் சொல்லல, அவரு போட்ட சட்டம்." விரலை வைத்து அந்த வரிகளை நிதானமாகப் படித்தார்.

அம்மா வேதம் முழுவதையும் எத்தனையோ தடவை வாசித்தவள். ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறவளுக்கு எந்த வரி கண்ணில் படும்? இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு மெல்ல எழுந்திருக்கப் பார்த்தாள். நான் முதுகில் கை கொடுத்தேன்.

"கேள்விப்பட்ட அன்னைக்கேன்னுல்லா போட்டிருக்கு. நீங்க எப்பம் கேள்விப்பட்டிய?"

"இன்னைக்குத்தான். இன்னும் பொழுது சாயல பாரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பிரிசி, அன்னைக்கு நீ என் பக்கத்துலதான நின்ன? அப்பாட்ட ஏதும் சொன்னியா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் வைத்த விரலையும் எடுக்கவில்லை.

"இல்லம்மா," என்றேன்.

அப்பா எழுந்து நின்றார். "சொர்ணம், நீ பண்ணுன பொருத்தனைய இந்த வீட்டுத் தலைவனா நான் வேண்டாங்கேன். அது செல்லாது." ஒரு பனியன் வாங்குவதற்குக்கூட அவளைக் கேட்கிற மனுஷன். வேறு நாளாக இருந்தால் நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அம்மா அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, போனைப் போடச் சொல்லி ஃபெலிக்ஸிடம் பேசினாள். "ஏல, வேலைய விட்டுராத. அப்பா எல்லாத்தையும் சரி பண்ணிட்டாவ." அன்று சாயங்காலம் அவளே கேட்டு அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

அவள் தூங்கியதும் நான் புத்தகத்தை எடுத்து, அப்பா நிறுத்திய இடத்திலிருந்து மேலே படித்தேன். அடுத்து ஒரு வசனம் இருந்தது. புருஷன் கேட்டும் பேசாமல் இருந்தால் அந்தப் பொருத்தனையை அவன் உறுதிப்படுத்தியதாக அர்த்தம். அப்படி இருந்துவிட்டுப் பிறகு செல்லாது என்றால், அவளுடைய குற்றத்தை அவன் சுமக்க வேண்டும்.

"அப்பா, அடுத்த வசனம்..."

"படிச்சேன்," என்றார். சாப்பிட்டேன் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

அம்மா செப்டம்பரில் போய்விட்டாள். பயமில்லாமல் போனாள். கடைசி வாரத்தில் பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்துக்கொண்டிருந்தாள். அடக்க ஆராதனையில் போதகர், ஆண்டவர் தம்முடைய இரக்கத்தால் நம் சகோதரிக்குச் சமாதானத்தைக் கொடுத்தார் என்று பிரசங்கித்தார். எனக்கு எழுந்து நின்று கேட்க வேண்டும்போல இருந்தது. யார் கொடுத்தது? ஆயுளைத் தருவேன் என்ற வாக்கு பொய்யாகக் கூடாது என்பதற்காக அம்மா தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டாள். அம்மாவை விடுவிக்க அப்பா தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டார். இப்படி யாராவது ஒருவர் தலையைக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அவர் சர்வ வல்லவராக இருக்க முடியுமா? ஒரு கிழவியை, கிழவர் ஒருவர் பொய் சொல்லாமல், சும்மா மன்னிக்க அவரால் முடியாதா? இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அன்று நான் எழுந்து நிற்கவில்லை, எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன்.

அதற்குப் பிறகு அப்பா யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. போதகர் வந்தால் டீ கொடுத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். ஃபெலிக்ஸ் போன் வந்தால் மட்டும், "வயித்துப் பிள்ள நல்லா இருக்குல்லா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்பார்.

டிசம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஃபிரிட்ஜில் அம்மாவின் அட்டைக்கு இன்னும் வருஷம் முடியவில்லை. செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிப் பிள்ளையை வாங்கினோம். "தாத்தகாரு, தீஸ்கோண்டி," என்று நர்ஸ் தெலுங்கில் சொல்லிப் பிள்ளையை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ஒரு அடி பின்னால் போனார்.

"வேண்டாம்மா. அவங்களே வச்சிருக்கட்டும்."

வராந்தாவுக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். "எதுக்குப்பா இப்படிப் பயப்படுதிய? என்னைக்கு இதையெல்லாம் நம்புனிய நீங்க? மோசே காலத்துச் சட்டம். அந்த வசனம் யாரையும் ஒண்ணும் பண்ணாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வசனம் செல்லாதுன்னா, அதுக்கு முந்தின வசனமும் செல்லாதுல்லா, ஏட்டி. அப்பம் உங்கம்மைக்கு நான் என்னத்தக் குடுத்து அனுப்புனேன்?"

உள்ளே பிள்ளை அழுதது. அப்பா திரும்பிப் போய் ஃபெலிக்ஸ் பக்கத்தில் நின்றார். அம்மாவின் மூக்கு அப்படியே இருக்கிறது என்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, குனிந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.