மாத்திரையை நிறுத்தியவன்

குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டுத் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடினாள் அக்கா. உள்ளே ஈரத்தரையில் தம்பி விறைத்துக் கிடந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்துக் கொடுத்து, இழுப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வலிப்பு எட்டிப் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. மாத்திரைதான் அதைக் கட்டிப்போட்டிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான். வியாதியைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை.

அவன் அலமாரியைத் திறந்து பார்த்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

தெளிந்து எழுந்தவனிடம் கேட்டாள். "எதுக்குடா நிறுத்தின?"

"போட்டா கண்ணு சொக்குது. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கச் சொல்றியா?"

"டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை தருவாரு. நீயா நிறுத்தினா இப்படித்தான் ஆகும். நாளைக்கு வேனைத் தொடாதே."

"வாயத் திறந்த, அக்கான்னு பாக்க மாட்டேன்."

மறுநாள் காலை வாசலை மறித்து நின்றவளை இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். சுவரில் மோதிய தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். வேன்கள் நிற்கும் கொட்டகையில், மற்ற டிரைவர்கள் பார்க்க, மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொய் சார்! என் பொண்டாட்டிக்கும் இவளுக்கும் ஆகாது. அந்தக் கடுப்புல பேசறா," என்றான் தம்பி.

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லட்டும், ஓட்டு. இப்போ சாவியக் குடு," என்றார் மேலாளர்.

சாவியை மேலாளரிடம் கொடுக்காமல் அக்காவின் முகத்தில் விட்டெறிந்தான். "உன்கூடப் பொறந்ததுக்கு நாக்கப் பிடுங்கிட்டுச் சாகலாம்."

வீட்டில் தம்பி மனைவி காத்திருந்தாள். "எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே, அண்ணி! வெளியாள்கூட இதைச் செய்ய மாட்டான்."

"வேன்ல வர்ற பிள்ளைங்களையும் ஒருத்தி பெத்துத்தான் அனுப்புறா."

அன்றிலிருந்து ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு எரிந்தது. டாக்டரிடம் போகச் சொன்னால், "நீ சொல்ற ஒரே காரணத்துக்காகப் போக மாட்டேன்," என்றான். மாத்திரை அட்டைகளை அவள் கண்முன்னே குப்பையில் கொட்டினான். மனைவியும் தடுக்கவில்லை.

ஒரு மாலை, மகளைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும்போது அவனுக்கு மறுபடி வலிப்பு வந்தது. இருவரும் படிகளில் உருண்டார்கள். அவனுக்கு நெற்றியில் தையல். குழந்தைக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். இந்த முறை அதை வாங்க ஓடியவள் மனைவிதான்.

புது மாத்திரையில் அவ்வளவாகத் தூக்கக் கலக்கம் இல்லை. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் வேன் கழுவும் வேலைக்குப் போனான். ஒரு காலையில், மாத்திரையை விழுங்கிவிட்டு டம்ளரை மேசையில் நங்கென்று வைத்தான். எதிரே அக்கா நின்றிருந்தாள்.

"உனக்காக ஒண்ணும் போடலை," என்றான்.

"யாருக்காகவோ போடு."

"குழந்தை கைக்கும் நீதான் காரணம். கரிநாக்கு."

அவன் போன பிறகு, அவள் மாத்திரை அட்டையைத் திருப்பி எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள்.