மாமன் மடி

தேவாலயத்தில் அப்பத்தட்டு மூன்றாவது பெஞ்சுக்கு வந்தபோது சுருளி எழுந்தான். பக்கத்திலிருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே பாட்டு நின்று, கிண்ணம் கைமாறும் அமைதி தொடங்கியது.

பசுமலையில் பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு நீர் இறைப்பவன் அவன். ஞானஸ்நானத்தில் யோசேப்பு என்று பெயர் வைத்தார்கள். ஊரில் சுருளிதான். ஒவ்வொரு இராப்போஜனத்துக்கும் முன்னால் போதகர் ஒன்றையே சொல்வார். யாருக்காவது உங்கள் மேல் மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள், பிறகு இந்த மேசைக்கு வாருங்கள். மற்றவர்கள் தலைகுனிந்து கேட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். சுருளிக்குத் தங்கையின் முகம் கண்முன் வந்துவிடும்.

தங்கை ஒச்சாயி நாகமலைக்கு மேற்கே வாக்கப்பட்டவள். அவள் மகள் தங்கப்பொண்ணுக்கு ஒன்பது வயது. இன்னும் காது குத்தவில்லை. குலதெய்வத்தின் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தவேண்டும். அவன் சபையில் சேர்ந்த வருஷம் அழைப்பு வந்தது. கோயில் காரியங்களுக்குப் போகக்கூடாது என்பது சபையின் ஒழுங்கு. அவன் போகவில்லை. கூடியிருந்தவர்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனைக் காட்டி, இவனும் மாமன்தானே என்றார்களாம். ஒச்சாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் யார் மடியிலும் அவளை வைக்கவில்லை. அண்ணனோடும் பேசவில்லை.

ஆராதனை முடிந்து போதகர் மரத்தடிக்கு வந்தார்.

"இன்னும் தங்கச்சிகிட்டப் போகலையா, யோசேப்பு?"

"போனா மடியக் கேப்பா, ஐயா."

"மன்னிப்புக் கேளும்."

"அத வாங்கி அவ எங்க வைப்பா?"

போதகர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "போய் வாரும்" என்றார்.

அவன் போனபோது ஒச்சாயி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். காதில் தண்டட்டி ஆடியது. கட்டிலில் கிடந்த அவள் புருஷன் முத்திருளன் எழுந்திருக்கவில்லை.

"யாரு, பசுமலைத் தொரையா? வழி தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு மாப்ள."

முறம் நிற்கவில்லை. சுருளி தங்கையின் எதிரில் குந்தினான்.

"எம்மேல கோவம் இருந்தா விட்டுரு ஒச்சாயி. ஒனக்கு மனசு நோகச் செஞ்சுட்டேன்."

"கோவமா? அதையா நான் மடியில கட்டிக்கிட்டுத் திரியிறேன்? அங்க பாரு."

கதவோரம் நின்ற தங்கப்பொண்ணு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடிக்கொண்டாள்.

"ஊருப் பிள்ளைக அம்புட்டும் மூளிக்காதின்னு கூப்புடுதுக. ஒம் மாமன் செத்தா போனான்னு கேக்குதுக. நான் என்னத்தச் சொல்ல?"

"கோயிலுக்குள்ள நான் வரமுடியாது தாயி."

"கும்புடவா சொன்னேன்? உக்காரத்தான சொன்னேன்."

முத்திருளன் சிரித்தான். "மச்சான் உக்காந்தா அந்தச் சாமி கோவிச்சுக்கிருமாக்கும். நம்ம சாமியாச்சும் ஒரு கெடாய்க்கு அடங்கிரும்."

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ஒச்சாயி முறத்தைத் தட்டிக் கவிழ்த்தாள்.

"வார வெள்ளிக்கெழம வைக்கிறேன். மடி இருந்தா வா."

தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் முன்னதாகவே போய்விட்டான். கோயிலுக்கு எல்லை ஒரு வரிசைப் பனை. அதற்கு இந்தப் பக்கம், அறுத்த வயலில் துண்டை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கொட்டுச் சத்தம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டே பனைகளைக் கடந்து உள்ளே போனார்கள்.

"அங்கன என்ன மச்சான், ஆடு மேய்க்கவா வந்தீரு?" என்று முத்திருளன் கத்தினான்.

ஒச்சாயி சன்னிதியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பனைகளுக்கு வெளியே நடந்து வந்தாள். பூசாரி என்னவோ சொன்னார். அவள் திரும்பவில்லை. காது குத்தும் ஆசாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பெண்களும் வந்தார்கள்.

பிள்ளை மடியில் உட்கார்ந்தாள். நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தாள். முதுகு அவன் நெஞ்சில் படாமல் விறைத்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அழவில்லை. அவனுடைய மணிக்கட்டைக் கடித்தாள். இரண்டாவது காதுக்கும் அதே இடத்தில் கடித்தாள். அவன் கையை இழுக்கவில்லை.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். ஒச்சாயி எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள். தட்டு சுருளி பக்கம் திரும்பியது. அவள் நடுவில் கையை நீட்டினாள்.

"அங்க வேணாம்" என்றாள், அண்ணனைப் பார்க்காமல்.

கிடாய்கள் வெட்டி, சமைத்து, பந்தி போட்டார்கள். முத்திருளனே வயலுக்கு ஒரு வெறும் வாழையிலை கொண்டுவந்தான்.

"கை நனைச்சிட்டுப் போங்க மச்சான்." இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"சாமிக்கு வெட்டுனது மாப்ள."

முத்திருளன் இலையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒச்சாயி அதை எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் முன்பே சுருளி எல்லாவற்றையும் போதகரிடம் சொன்னான். அவர் அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"மூப்பர் ஒருத்தர் நேத்தே வந்து சொன்னார்."

"பனையைத் தாண்டலை, ஐயா."

"நான் நம்புறேன். மூப்பர்கள் விசாரிக்கணும்கிறாங்க. அதுவரைக்கும் அப்பம் எடுக்க வேண்டாம்." வாசல்வரை போய்த் திரும்பினார். "போகச் சொன்னது நான்தான்னு அவங்ககிட்டச் சொல்லுவேன்."

அன்று அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். யாரும் கால் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. அப்பத்தட்டு கிளம்பியதும் வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஒச்சாயி இருந்தாள். அவளுக்கும் பிள்ளைக்கும் முழங்கால்வரை புழுதி. பக்கத்தில் துணி சுற்றிய தூக்குச்சட்டி.

"இந்நேரம் உள்ள இருப்பன்னு நெனச்சேன்."

"இன்னைக்கு இல்ல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. துணியை அவிழ்த்தாள்.

"வீட்டுச் சேவல். எந்தச் சாமிக்கும் காட்டல. அவரு அறுக்க மாட்டேன்னுட்டாரு, நானே அறுத்தேன். திம்பியா, இல்ல இதுக்கும் ஏதும் சட்டம் வச்சிருக்கீகளா?"

சுருளி கையை நீட்டினான். அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை கடித்த தடத்தின் மேல் ஓடி மண்ணில் விழுந்தது.

தங்கப்பொண்ணு எட்டிச் சபைக்குள் பார்த்தாள்.

"உள்ள என்ன மாமா திங்கிறாக?"

"அப்பம்."

"எம்புட்டு?"

அவன் சுண்டுவிரல் நுனியைக் காட்டினான்.

"அதுக்கா இம்புட்டுக் கூட்டம்?"

"வாய மூடு" என்றாள் ஒச்சாயி.

அவன் சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்துப் பிள்ளையிடம் நீட்டினான். அவள் வாயில் வாங்கினாள். காதுகள் வீங்கியிருந்தன, மஞ்சளும் எண்ணெயும் மினுங்கின. மெல்லும்போது வலித்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்தாள். விழுங்கிவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்தாள்.